கட்டி இழுக்கும் கயிறு: காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை

வியாழன், காசிமேடு

இந்த வாரக் கடைசி முழுக்க எங்கள் குழுவுக்கு எண்ணூரில்தான் வேலை. கடலில் ஒருவருக்குத் தோள்பட்டை பிசகிவிட்டால், வாந்தி எடுத்துத் தளர்ந்துவிட்டால், துடுப்பு உடைந்துபோனால், அவரையும் அவருடைய கயாக்கையும் (உட்கார்ந்து துடுப்புப் போடும் குறுகலான சின்னப் படகு) கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்ப்பது எப்படி என்று பழகப் போகிறோம். அன்றன்றைக்கு நடந்ததை ராத்திரியே எழுதிப் போட்டுவிடுகிறேன்.

கயாக் ஓட்டக் கற்றுக்கொள்கிறவர்கள், கவிழ்ந்தால் எப்படித் திரும்ப ஏறுவது என்பதை ஆர்வமாகப் பழகுகிறார்கள். கட்டி இழுப்பது என்று வந்தால், "அதை மாஸ்டர் பாத்துக்குவாரு" என்று விட்டுவிடுகிறார்கள். வடசென்னைக் கடலில் அப்படி விட முடியாது. முதல் காரணம் இங்கே உள்ள கரை.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னைத் துறைமுகத்தின் தடுப்புச்சுவர்களைக் கடலுக்குள் கட்டினார்கள். இந்தக் கடற்கரையில் வருஷம் முழுவதும் கணக்குப் பார்த்தால் மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்வதுதான் அதிகம். அந்த மணல் துறைமுகச் சுவரில் தடுக்கப்பட்டுத் தெற்கே சேர்ந்தது, மெரினா அகலமானது. வடக்கே வரவேண்டிய மணல் வராததால் ராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை கடல் கரையைத் தின்றது. கரையைக் காப்பாற்றப் பாறாங்கல் கொட்டினார்கள், கடலுக்குள் நீளும் கற்சுவர்களான தூண்டில் வளைவுகள் போட்டார்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது வலது பக்கம் தெரிவது பெரும்பாலும் கல்தான்.

மெரினாவுக்கு நேரே களைத்துப்போன ஒருவர் எங்கே வேண்டுமானாலும் மணலில் ஏறிக்கொள்ளலாம். இங்கே அலை அடிக்கும் பாறையில் கயாக்கைக் கொண்டுபோய் நிறுத்தினால் படகும் போகும், ஆளும் போவார். மணல் உள்ள அடுத்த இடம் வரை ஓட்டியே ஆக வேண்டும். ஓட்ட முடியாதவரை யாராவது இழுத்தே ஆக வேண்டும்.

இரண்டாவது காரணம் இந்த மாதம். ஜூலையில் காலை நேரத்தில் மேல்காற்று, அதாவது நிலத்திலிருந்து கடலைப் பார்த்து வீசும் காற்று. கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். இறங்கிப் பார்க்கச் சொல்லிக் கூப்பிடும். அரை கிலோமீட்டர் தாண்டினால்தான் காற்றின் வேகம் தெரியும். அங்கே துடுப்பை நிறுத்தியவர் தன்பாட்டுக்குக் கிழக்கே போய்க்கொண்டிருப்பார். அதோடு இந்தப் பருவத்தில் நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடும். எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து வடக்கே என்ன இருக்கிறது என்றால், காமராஜர் துறைமுகம். 2001-ல் திறந்தது. நிலக்கரிக் கப்பல்கள் வந்து போகும் கால்வாய் அங்கே. ஒரு நாட் வேகத்தில் நீரோட்டம் இருந்தால் சும்மா உட்கார்ந்திருப்பவர் ஒரு மணி நேரத்தில் 1.85 கிலோமீட்டர் போய்விடுவார். கிழக்கே தள்ளும் காற்றும் வடக்கே தள்ளும் நீரும் சேர்ந்தால் அவர் போய்ச் சேரும் இடம் கப்பல் பாதை. அந்தப் பக்கம் 2017 ஜனவரி 28-ம் தேதி அதிகாலையில் இரண்டு கப்பல்களே மோதிக்கொண்டு எண்ணெய் கொட்டியது. கப்பலின் மேல்தளத்திலிருந்து பார்க்கிறவருக்குக் கயாக் கண்ணில் படவே படாது.

சரி, கயிறு. காசிமேட்டில் கயிற்றுக் கடைகளுக்குப் பஞ்சம் இல்லை. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14-ம் தேதி முடிந்ததால் விசைப்படகுகள் எல்லாம் தொழிலுக்குப் போகின்றன, கடைகளில் நல்ல கூட்டம். கயிறு கிலோ கணக்கில் கிடைக்கும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கயிறுகளைக் கடைக்காரர் எடுத்துப் போட்டார். ஒன்று நைலான், இன்னொன்று பி.பி. எனப்படும் பாலிபுரோப்பிலீன். கடை வாசலில் ஒரு பக்கெட்டில் தண்ணீர் இருந்தது. இரண்டிலும் ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி அதில் போட்டோம். நைலான் கொஞ்ச நேரம் தயங்கி, ஈரம் ஏறியதும் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. பி.பி. மேலேயே மிதந்தது. அழுத்திவிட்டாலும் எழும்பி வந்தது.

எங்களுக்கு வேண்டியது மிதக்கும் கயிறு. முழுகும் கயிறு தளர்ந்த நேரத்தில் சுக்கானில் மாட்டும், கவிழ்ந்தவரின் காலில் சுற்றும். நைலானுக்கு இழுபடும் குணம் இருப்பதால் அதிர்ச்சியைத் தாங்கும், அது நல்ல குணம்தான். ஆனால் அதை வேறு வழியில் சரிக்கட்டலாம். மிதப்பதற்கு மாற்று வழி கிடையாது. 6 மில்லிமீட்டர் தடிமனில், கண்ணைப் பறிக்கும் மஞ்சளில் 15 மீட்டர் வாங்கினோம். அதைவிட மெல்லிசாக வாங்கினால் ஈரக் கையை அறுத்துவிடும். பக்கத்துக் கடையில் வலைக்குக் கட்டும் சின்ன மிதவைகள். நடுவில் துளை உள்ளதாகப் பார்த்து எடுத்தோம். கொக்கிக்குப் பக்கத்தில் ஒன்றைக் கோத்துவிட்டால், கொக்கி கைநழுவி விழுந்தாலும் தண்ணீருக்குள் போகாது.

கொக்கியைப் பற்றிச் சொல்ல வேண்டும். மலையேறுகிறவர்கள் பயன்படுத்தும் திருகு வைத்த காரபைனர் இங்கே ஆகவே ஆகாது. ஈரத்தில், நடுங்கும் விரலால், ஒரே கையால் கழற்ற வேண்டும். திருகெல்லாம் அந்த நேரத்தில் எதிரி. வாய் அகலமாக, துருப்பிடிக்காத எஃகில், நாக்கின் நுனியில் பல் இல்லாத வழுவழுப்பான கொக்கி வேண்டும். பல் இருந்தால், கயாக்கின் மேல்பரப்பில் ஓரமாக ஓடும் டெக் கயிற்றின் நாரில் சிக்கிக்கொண்டு வராது. கடையில் பத்து கொக்கிகளைத் திறந்து மூடிப் பார்த்து இரண்டை எடுத்தோம். கடைக்காரர் பொறுமையாகத்தான் இருந்தார்.

வெள்ளி, எண்ணூர்க் கழிமுகம்

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் இடம் இது. பக்கிங்ஹாம் கால்வாயும் இதில்தான் வந்து கலக்கிறது. அக்கரையில் வடசென்னை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள். சேற்றிலே கழுத்தளவு தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள் காலையிலேயே இறங்கியிருந்தார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து படிந்ததும் இதே தண்ணீரில்தான். அந்த மக்கள் எத்தனை பட்டிருக்கிறார்கள் என்பதை நினைக்காமல் இங்கே துடுப்புப் போட எனக்கு மனசு வருவதில்லை. அவர்கள் வலை கட்டியிருக்கும் பக்கமே போகக் கூடாது, அவர்கள் நிற்கும் இடத்தில் கயிறு நீட்டக் கூடாது என்பதைத்தான் மாஸ்டர் முதல் விதியாகச் சொன்னார்.

ஏற்றம் முடிந்து தண்ணீர் நின்ற நேரமாகப் பார்த்து இறங்கினோம். சென்னையில் ஓதம் பெரிய அளவில் ஏறி இறங்குவதில்லை. அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் சுமார் ஒரு மீட்டர். ஆனால் அத்தனை தண்ணீரும் குறுகலான முகத்துவாரம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். வற்றும் நேரத்தில் வாசலில் ஓட்டம் வேகமாக இருக்கும். எதிரே கடல் அலை வந்து மோதினால் அங்கேயே நிமிர்ந்து நின்று உடையும். பழகுகிறவர்களுக்கு அது இடமில்லை.

பயிற்சி தொடங்கியது அவிழ்ப்பதில். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது.

டோ பெல்ட் என்பது இடுப்பில் கட்டும் அகலப் பட்டை. முதுகுப் பக்கம் ஒரு பை, அதற்குள் கயிறு. முன்பக்கம் ஒரு பக்கிள், அதில் உருண்டையாக ஒரு கைப்பிடி. கயிற்றின் அடி முனை பட்டையில் நேராகத் தைக்கப்பட்டிருக்காது, பட்டையில் ஓடும் ஒரு வளையத்தில்தான் கட்டியிருக்கும். உருண்டையைப் பிடித்து இழுத்தால் பக்கிள் திறக்கும், பட்டை வளையத்திலிருந்து உருவிக்கொண்டு போகும், கயிறு மொத்தமும் உங்களை விட்டு விலகிவிடும். முடிச்சைத் தேட வேண்டியதில்லை, பின்னால் திரும்ப வேண்டியதில்லை.

இத்தனையும் வேலை செய்ய வேண்டுமென்றால் சில சின்ன விஷயங்கள் சரியாக இருக்க வேண்டும். பட்டையின் மிச்ச நுனி நீளமாகத் தொங்குகிறதே என்று சிலர் அதில் ஒரு முடிச்சுப் போட்டுவைப்பார்கள். அந்த முடிச்சு வளையத்தில் மாட்டும், பட்டை உருவாது. லைஃப் ஜாக்கெட்டின் வாருக்கு அடியில் பெல்ட் போனாலும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் மேலே, கடைசியாகக் கட்ட வேண்டியது இதுதான். இடுப்பைச் சுற்றிக் கயாக்கின் வாயை மூடும் ஸ்பிரே ஸ்கர்ட்டின் இழுப்பான் பக்கத்திலேயே இருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் எது எது என்று கைக்குத் தெரிய வேண்டும்.

மாஸ்டர் எங்களை ஒவ்வொருவராகக் கரையில் நிற்கவைத்து, கயிற்றின் மறுமுனையைத் தானே பிடித்து இழுத்தார். அந்த இழுவை இருக்கும்போதே உருண்டையைப் பிடித்து அவிழ்க்க வேண்டும். தளர்ந்த கயிற்றில் எல்லாருக்கும் வரும். உடம்பே பின்னால் சாயும் அளவுக்கு இழுத்துப் பிடிக்கும்போது வருகிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது. வலது கையால் ஒரு தடவை, இடது கையால் ஒரு தடவை, கண்ணை மூடி ஒரு தடவை. அப்புறம் தண்ணீரில், கயாக்கில் உட்கார்ந்து அதையே. கடைசியில் கவிழ்ந்த நிலையில், தலை தண்ணீருக்குள் இருக்கும்போது. பள்ளியில் கணக்கு எடுக்கும் அக்கா ஒருவர் எங்கள் குழுவில் உண்டு. அவருக்கு விரல்கள் மெல்லிசு, உருண்டை வழுக்கியது. அந்த இடத்திலேயே உருண்டையில் சொரசொரப்பான டேப் சுற்றி மறுபடி இழுக்கச் சொன்னார் மாஸ்டர். சரியாக வரும்வரை அடுத்த பாடத்துக்குப் போகவில்லை. இரண்டு மணி நேரம் இதற்கே போனது. போகட்டும்.

இதெல்லாம் கைகொடுக்காத நேரத்துக்குக் கத்தி. லைஃப் ஜாக்கெட்டின் நெஞ்சுப் பக்கம், முனை மழுங்கிய, பல் வைத்த சின்னக் கத்தி. அதையும் எடுத்து ஒரு பழைய கயிற்றை அறுத்துப் பார்த்தோம்.

கயிறே இல்லாமல் இழுக்கும் முறை ஒன்றும் இருக்கிறது. தளர்ந்தவர் உங்கள் கயாக்குக்கு எதிர்த்திசையில், பக்கவாட்டில் ஒட்டி நின்றுகொள்வார். உங்கள் அணியத்தின், அதாவது கயாக்கின் முன்முனையின், மேல் சாய்ந்து டெக் கயிற்றைக் கட்டிப் பிடித்துக்கொள்வார். நீங்கள் துடுப்புப் போட்டுத் தள்ளிக்கொண்டே போகலாம். அவர் முகம் உங்களுக்கு நேராகத் தெரியும், பேசிக்கொண்டே போகலாம். தூரம் போக முடியாது. பாறையிலிருந்தோ தூண்டில் வளைவிலிருந்தோ இருபது, முப்பது மீட்டர் விலக்குவதற்கு இதைவிட வேகமான வழி கிடையாது. கயிறு எடுக்க ஆகும் அரை நிமிஷம் மிச்சம்.

அப்புறம் குட்டைக் கயிறு. லைஃப் ஜாக்கெட்டின் முதுகு வளையத்திலிருந்து ஒரு மீட்டர் சொச்சம். டக்கென்று மாட்டி டக்கென்று இழுக்கலாம். அலை இருக்கும்போது பின்னால் வரும் கயாக்கின் மூக்கு உங்கள் முதுகில் வந்து குத்தும் என்பதால், அமைதியான தண்ணீரோடு சரி.

ராத்திரி பாரிமுனையில் அத்தோ என்ற பர்மா நூடுல்ஸ் சாப்பிட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். கை ரெண்டும் வலிக்கிறது.

சனி, எண்ணூர்

இன்று கடலுக்குப் போகவில்லை. மேல்காற்று விடியும்போதே பலமாக இருந்தது, மாஸ்டர் வேண்டாம் என்றார். யாரும் மறுபேச்சுப் பேசவில்லை. முகத்துவாரத்துக்கு உள்ளேயே காற்றில் பழகினோம்.

நீளக் கயிற்றின் நாள் இது. எதிர்க்காற்றில் 15 மீட்டரும் தேவையில்லை, பாதியே போதும். கயிற்றைக் கொடிப்பின்னலாகப் பின்னிக் குறுக்கி வைத்திருந்தோம், ஒரு கொக்கியைக் கழற்றினால் முழு நீளம் கிடைக்கும். பைக்குள் கயிற்றைச் சுற்றிச் சுருட்டி வைக்கக் கூடாது. நுனியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் திணித்துக்கொண்டே போனால்தான் வெளியே வரும்போது சிக்காமல் வரும்.

மாட்டும் விதம் இது. இழுக்கப்படுபவரின் அணியத்துக்குக் குறுக்காகக் கடந்து போகும்போதே கொக்கியை மாட்டிவிட்டு நிற்காமல் முன்னே போவது. ஒரு பக்க டெக் கயிற்றில் மட்டும் மாட்டினால் கயாக் அந்தப் பக்கமே கோணிக்கொண்டு வரும். இரண்டு பக்கக் கயிற்றையும் சேர்த்துக் கொக்கிக்குள் வாங்க வேண்டும், அல்லது முனையில் உள்ள கைப்பிடி வளையத்தில் மாட்ட வேண்டும். கடற்கரைகளில் வாடகைக்குக் கிடைக்கும் மேலே உட்காரும் கயாக்குகளில் டெக் கயிறு இருக்காது, முன்கைப்பிடிதான் கதி. அதன் திருகுகள் ஆடாமல் இருக்கின்றனவா என்று கரையிலேயே பார்த்துவிடுவது நல்லது. பின்னால் வருபவர் கயாக்கின் அடியில் இறங்கும் ஸ்கெக் தகட்டையோ சுக்கானையோ இறக்கிவிட்டால் கயாக் நேராக வரும்.

கயிறு விறைக்கும் வரை மெதுவாக, அப்புறம் சின்னச் சின்ன வீச்சாக, இடைவிடாமல். வேகமாக உந்தினால் ஒவ்வொரு வீச்சுக்கும் இடுப்பில் ஒரு வெட்டு விழும். அதைக் குறைக்கத்தான் கயிற்றுக்கு நடுவே ஒரு மீட்டர் அளவுக்கு ரப்பர் கயிறு சேர்த்திருந்தோம். இருந்தாலும் அரை மணி நேரத்தில் கீழ்முதுகு பேச ஆரம்பித்துவிட்டது. நெடுந்தூரம் இழுக்க வேண்டியிருந்தால் இடுப்பில் வாங்காமல், இருக்கைக்குப் பின்னால் கயாக்கிலேயே பொருத்திய பூட்டில் கயிற்றை வாங்குவது உடம்புக்கு நல்லது. கை பின்னால் எட்டி அவிழ்க்க முடியும் தூரத்தில் அந்தப் பூட்டு இருந்தால் மட்டும்.

இரண்டு பேர் சேர்ந்து இழுப்பதில் இரண்டு வழி. இருவரும் தனித்தனிக் கயிற்றை அவருடைய அணியத்தில் மாட்டி விசிறியாகப் பிரிந்து போகலாம். அல்லது ரயில் பெட்டி மாதிரி ஒருவர் பின் ஒருவராகப் போகலாம், முதலாமவரின் கயிறு இரண்டாமவரின் அணியத்தில், இரண்டாமவருடையது தளர்ந்தவரின் அணியத்தில். விசிறியில் இரண்டு பேரும் காற்றில் நெருங்கி நெருங்கி வந்து துடுப்பும் துடுப்பும் மோதின. எனக்குப் பின்னது பிடித்தது. யார் எப்போது அவிழ்த்தாலும் மற்றவர் சிக்கிக்கொள்வதில்லை.

மதியம் காற்று இன்னும் ஏறியது. தாழங்குப்பத்தில் ஃபைபர் படகு வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் எங்கள் கூத்தையெல்லாம் கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு எங்களுக்குத் துணையாக வரப்போவது அவர்தான். கடலில் மிஷின் நின்றுபோன படகுகளை அவர் எத்தனையோ தடவை கட்டி இழுத்து வந்திருக்கிறார்.

"கவுறு நீட்டா உடணும்பா. கிட்ட கட்டினா பின்னாடி வர்ற போட்டு அலையில ஏறி வந்து உன் அமரத்துலயே குந்தும்" என்றார். அமரம் என்பது படகின் பின்முனை. பெல்ட்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உருண்டையை இழுத்தார், பட்டை உருவிக்கொண்டு வந்தது. மறுபடி கோத்துக் கொடுக்கச் சொல்லி மறுபடி இழுத்தார். "இது நல்லாக்குது. எங்க கவுறு இறுகிப் போச்சுன்னா கத்திதான்."

ஞாயிறு, எண்ணூர்க் கடல்

காலை ஐந்தரைக்குக் கரையில் இருந்தோம். காற்று தணிந்திருந்தது. துறைமுக எல்லைக்குள் போகவே கூடாது என்பதால் நெட்டுக்குப்பத்துக்கு நேரே, கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள், முதலில் தெற்கு நோக்கிப் போய், பிறகு வடக்கு நோக்கித் திரும்புவது என்று முடிவு. நீரோட்டம் வடக்கே தள்ளும், எனவே முதல் பாதியில் எதிர்த்து ஓட்டிவிட்டால் களைத்த பிறகு திரும்புவது சுலபம். போகும் இடமும் திரும்பும் நேரமும் முன்னமே கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குச் சொல்லியாகிவிட்டது. அண்ணனின் படகில் வி.எச்.எஃப். ரேடியோ இருக்கிறது, 16-ம் சேனலில். எல்லாருடைய போனிலும் கடலோரக் காவல்படையின் 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 இரண்டும் இருக்கின்றனவா என்று மாஸ்டர் ஒவ்வொருவராகக் கேட்டார்.

முதல் ஒரு மணி நேரம் பாடத்திட்டப்படி போனது. ஆளாளுக்குத் தளர்ந்தவராக நடித்தோம், இழுத்தோம், விசில் அடித்தோம். ஒரு ஊதல் என்றால் கவனி, மூன்று என்றால் ஆபத்து. வெளியே நீண்ட அலை ஓடிக்கொண்டிருந்தது. முழு நீளம் 15 மீட்டரையும் விட்டபோதுதான் அண்ணன் சொன்னது புரிந்தது. பாதி நீளத்தில், நான் அலையின் அடியில் இருக்கும்போது பின்னால் உள்ளவர் சரிவில் வழுக்கி என்மேல் வந்துகொண்டிருந்தார். முழு நீளத்தில் அந்தச் சரிவு எனக்கு வந்து சேர்வதற்குள் கயிறு மறுபடி விறைத்துக்கொண்டது.

எட்டு மணி சுமாருக்கு வங்கியில் வேலை பார்க்கும் தம்பி துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் குனிந்துகொண்டான். நடிப்பு என்றுதான் பக்கத்தில் இருந்தவர்கள் நினைத்தார்கள். முகம் வெளுத்து, உதட்டைச் சுற்றி வேர்வை. கணக்கு டீச்சர் அக்கா அருகே போவதற்குள் வாந்தி எடுத்துவிட்டான். கடல் மயக்கத்தில் பெரிய பிரச்சினை களைப்பு மட்டும் கிடையாது. தலை சுற்றுவதால் சமநிலை போய்விடும். அப்படிப்பட்டவரைத் தனியாகக் கயிற்றில் கட்டி இழுத்தால் பத்து மீட்டரில் கவிழ்ந்துவிடுவார், இழுப்பவருக்கு முதுகுப் பக்கம் நடப்பது தெரியாது.

அக்கா தன் கயாக்கை அவனுடையதோடு ஒட்டி நிறுத்தி, அவன் டெக்கின் குறுக்கே சாய்ந்து பிடித்துக்கொண்டார். "என் படகு மேல சாஞ்சுக்கோப்பா. கண்ணு மட்டும் தூரத்துல இருக்கட்டும், கீழ பாக்காதே." இரண்டு கயாக்கும் சேர்ந்துவிட்டால் ஒரு அகலமான தெப்பம், கவிழ்வது கஷ்டம். மாஸ்டர் என்னைப் பார்த்தார், நான் போனேன்.

தெப்பத்தை இழுப்பதற்குக் கயிறு மாட்டும் விதம் வேறு. கொக்கியைத் தம்பியின் அணியத்தில் உள்ள டெக் கயிற்றுக்கு அடியில் நுழைத்து வெளியே எடுத்து, அக்காவின் அணியத்தில் மாட்டினேன். இழுக்க இழுக்க இரண்டு மூக்கும் ஒன்றோடொன்று நெருங்கும், பிரியாது. இன்னொரு வசதி, கொக்கி இருப்பது தெளிவாக உள்ளவரின் கயாக்கில். அந்தப் பக்கம் எதாவது ஆனால் அக்கா கழற்றிவிடலாம், இந்தப் பக்கம் ஆனால் நான். மாட்டியதும் இருவரும் உரக்கச் சொல்லிக்கொண்டோம். "என் கயிறு, நான் அவுப்பேன்." "கொக்கி என்கிட்ட, நானும் அவுப்பேன்."

தனியாக இழுத்துப் பார்த்தேன், நகர்ந்தது, ஆனால் மேல்காற்று மெல்ல எழ ஆரம்பித்திருந்தது. கரை மேற்கே, காற்று முகத்தில். மாஸ்டர் எனக்கு முன்னால் வந்து தன் கயிற்றை என் அணியத்தில் மாட்டினார். இரண்டு பேராக இழுத்தோம். அண்ணனின் படகு பக்கவாட்டில், கொஞ்சம் தள்ளி, எங்கள் வேகத்திலேயே வந்தது. அவரே கட்டி இழுத்திருக்கலாம்தான். விசைப் படகின் வேகத்தில் கயாக் தெப்பம் பிரிந்து புரளும், அதனால் தம்பி மோசமானால் மட்டும் படகில் ஏற்றிக்கொள்வது என்று முன்பே பேசியிருந்தோம்.

துடுப்புப் போட்டுக்கொண்டே கரையில் ஒரு தென்னையையும் அதற்குப் பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டியையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தேன். தொட்டி தென்னைக்கு வலப்பக்கம் நழுவினால் நாங்கள் வடக்கே அடித்துச் செல்லப்படுகிறோம் என்று அர்த்தம். நழுவியது. மூக்கைத் தென்மேற்காகத் திருப்பச் சொல்லி மாஸ்டரிடம் கத்தினேன். நேராகக் கரையைக் குறிவைத்தால் நீரோட்டம் கல்லுக்கு நேரே கொண்டுபோய் விட்டிருக்கும். சாய்ந்து போனதால் மணலுக்கு நேரே வந்தோம். போகும்போது பத்து நிமிஷத்தில் கடந்த தூரத்துக்கு இப்போது இரண்டு மடங்குக்கு மேல் ஆனது. வெயில் ஏறிவிட்டது. பாதி வழியில் நிறுத்தி எல்லாரும் தண்ணீர் குடித்தோம், தம்பி வாய் கொப்பளித்து உப்புச்சர்க்கரைக் கரைசலை மெதுவாக விழுங்கினான்.

அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்றோம். இங்கேதான் அவிழ்க்கும் பாடம் முழுவதும் வேலைக்கு வந்தது. உடையும் அலைக்குள் கயிறு போகவே கூடாது. முன்னால் போகிறவர் ஒரு அலையில், பின்னால் வருகிறவர் இன்னொரு அலையில் என்று இழுபடும்போது கயிறு கழுத்தில் விழுமா, கையில் விழுமா என்று யாராலும் சொல்ல முடியாது. அக்கா கொக்கியைக் கழற்றினார், மிதவை மேலே நின்றது, மாஸ்டரும் தன்னுடையதை எடுத்தார். கயிறு முழுவதும் பைக்குள் போன பிறகுதான் அடுத்த அசைவு. இதற்குள் தம்பி கொஞ்சம் தேறியிருந்தான். அலைகளுக்கு இடையே அமைதி வரும் நேரம் பார்த்து மாஸ்டர் கை காட்டினார், அக்கா ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் தள்ளி நிற்க, அவனே துடுப்புப் போட்டு உள்ளே போனான். கரையில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் தயாராக நின்று அணியத்தைப் பிடித்து மணலுக்கு இழுத்தார்கள்.

மணலில் உட்கார்ந்து, "சாரிக்கா, எல்லாருக்கும் ப்ரோக்ராம் கெட்டுப்போச்சு" என்றான். "ப்ரோக்ராமே இதாம்ப்பா" என்றார் அக்கா. எனக்கு அந்தத் தம்பிமேல் மரியாதை. தாங்கிக்கொண்டு ஓட்டிவிடலாம் என்று வீம்பு பிடிக்காமல் துடுப்பைக் கீழே வைத்தானே, அதுவே பாதி உதவி. சோர்வைச் சொல்லாமல் மறைப்பவரை இழுக்கும் நேரத்தில் எல்லாம் கரையிலிருந்து ரொம்ப தூரம் போயிருப்போம்.

திங்கள், வீட்டில்

கயிறு, பெல்ட், கொக்கி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து அலசி நிழலில் காயப்போட்டிருக்கிறேன். வெயிலில் கிடந்தால் பி.பி. கயிறு நார் நாராகப் பிரிய ஆரம்பித்துவிடும். ஒரு கொக்கியின் நாக்கில் மணல் புகுந்து பாதியில் நின்றது, அலசிய பிறகும் சரியாகத் திறக்கவில்லை, அதைத் தூக்கிப் போட்டாகிவிட்டது. ரப்பர் கயிற்றின் உறையில் ஒரு இடத்தில் தேய்மானம் தெரிகிறது. அதை இந்த வாரமே மாற்ற வேண்டும்.

தண்ணீர் நிறைந்த கயாக்கை இழுப்பதையும் நீந்துகிறவரைச் சுமப்பதையும் பழக நேரம் கிடைக்கவில்லை. உள்ளே நூறு லிட்டர் தண்ணீர் இருந்தால் நூறு கிலோ கூடுதல். எத்தனை பேர் சேர்ந்தாலும் அதை முதலில் கவிழ்த்து வடித்துவிட்டுத்தான் இழுக்க வேண்டும். நீந்துகிறவரைக் கயிற்றில் கட்டவே கூடாது, பின் டெக்கில் குப்புறப் படுக்கவைத்துக் கொண்டுவர வேண்டும். இரண்டும் அடுத்த மாதம் கழிமுகத்தில். வருகிறவர்கள் பெல்ட்டைத் தாங்களே கோத்துக்கொண்டு வாருங்கள், நுனியில் முடிச்சு இல்லாமல். காலை ஆறு மணிக்கு மாஸ்டர் கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு கரையில் நிற்பார். எத்தனை வருஷமாகக் கயாக் ஓட்டுகிறவராக இருந்தாலும் அங்கே அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் தண்ணீரில் இறங்க முடியும்.